தாடை மூட்டு வலி: பல்லும் இல்ல, காதும் இல்ல, அப்ப எங்கதான் வலிக்குது?

ரெண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கன்னத்து எலும்பு வந்து முடியிற இடத்துல லேசா வைங்க. வச்சுக்கிட்டு வாயை மெதுவா திறந்து மூடுங்க. விரலுக்கு அடியில ஒரு சின்ன எலும்பு உருண்டை முன்னாடி போயிட்டு திரும்பி உள்ள வர்றது தெரியுதா, அதுதான் தாடை மூட்டு. டாக்டருங்க டெம்போரோமாண்டிபுலர் ஜாயின்ட்னு சொல்வாங்க, சுருக்கமா டிஎம்ஜே. இந்த மூட்டுலயும் இதைச் சுத்தி இருக்குற தசையிலயும் வர்ற கோளாறு எல்லாத்துக்கும் சேர்த்து டிஎம்டின்னு பேரு. நான் நாலு வருஷம் வலியோட அலைஞ்சேன், அந்த நாலு வருஷத்துல யாருமே என்னை இந்த இடத்துல கை வச்சுப் பாருன்னு சொல்லல, அதனாலதான் இதையே முதல்ல சொல்றேன்.

எனக்கு ஊரு ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடம். வீட்டுல அம்மா, மதினி, நான் எல்லாருமே வலை வேலை பாக்குறவங்க. வலது காதுக்குள்ள குடையிற மாதிரிதான் எனக்கு ஆரம்பிச்சுச்சு. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி காதுல ஊத்துனாங்க, கேக்கல. இஎன்டி டாக்டர் பாத்துட்டு காது சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்லம்மான்னு அனுப்பிட்டாரு. ரெண்டு மாசத்துல வலி கீழ கடவாய்ப் பல்லுக்கு இறங்குச்சு, சரி பல்லுதான்னு ஒரு இடத்துல ரூட் கெனால் பண்ணாங்க, வலி போகல, அப்புறம் அந்தப் பல்லையே எடுத்தாங்க, அப்பவும் போகல. கடைசியில மதுரையில ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனப்ப படிக்கிற புள்ள ஒண்ணு, இருவத்தஞ்சு வயசு கூட இருக்காது, என் கன்னத்துல கடவாய்க்கு மேல இருக்குற தசையை கட்டை விரலால ஒரு இடத்துல அழுத்திப் புடிச்சுச்சு. பத்து செகண்டு ஆச்சு. எடுத்துட்ட அந்தப் பல்லு வலிச்சுச்சு. பல்லு இல்ல, ஈறு ஆறி மூடிருச்சு, ஆனா வலி அதே பல்லுல. "அக்கா, வலி இங்க இருந்து கிளம்புது, அங்க போயி தெரியுது"ன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, வலிக்காக இல்ல, நல்ல பல்லு ஒண்ணு போச்சேன்னு.

இதை எழுதறதே அதுக்காகத்தான், என்னை மாதிரி இன்னொருத்தரு பல்லைக் குடுத்துட்டு வந்து நிக்கக் கூடாது.

சரி, வலி எப்படி இடம் மாறி தெரியுதுன்னா, முகத்துக்கு வர்ற அஞ்சாவது மூளை நரம்பு ஒண்ணுதான் பல்லு, தாடை மூட்டு, மெல்லுற தசை, நெத்திப்பொட்டு, காதுக்கு முன் பக்கம் எல்லாத்துக்கும் கிளை விடுது. கிளை எல்லாம் ஒரே தண்டுல போயி சேர்றதால மூளைக்கு எந்தக் கிளையில இருந்து சேதி வந்துச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியறதில்ல. காதுக்குழாயும் மூட்டும் ஒட்டுன மாதிரி பக்கத்துல பக்கத்துல வேற இருக்கு. 1934லயே அமெரிக்காவுல காஸ்டன்னு ஒரு இஎன்டி டாக்டரு காது அடைப்பு, காது வலின்னு வர்றவங்கள்ல சில பேருக்கு தாடை மூட்டுலதான் கோளாறுன்னு எழுதி வச்சாரு. பல்லு போனதாலதான் இது வருதுன்னு அவரு சொன்ன காரணத்தை பின்னாடி வந்தவங்க ஏத்துக்கல, ஆனா காது வலின்னு வர்றவங்களுக்கு தாடையையும் பாக்கணும்ங்கிறது நின்னுருச்சு.

இப்ப மூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம், இது புரிஞ்சா பாதி பயம் போயிரும். கீழ்த்தாடை ஒரே எலும்பு, ஆனா ரெண்டு முனையிலயும் ரெண்டு மூட்டு, காவடி மாதிரி. காவடியில ஒரு பக்கம் மட்டும் ஆட்ட முடியாதுல்ல, அதே போல ஒரு மூட்டு இழுத்துக்கிட்டா இன்னொண்ணும் சேர்ந்து பாடுபடும், வலது பக்கம் வலிக்குதேன்னு இடது பக்கமாவே மென்னு மென்னு கடைசியில ரெண்டு பக்கமும் வலி வர்றது இதனாலதான். அடுத்து, கதவு கீல் மாதிரி வெறுமனே சுத்துற மூட்டு இல்ல இது. வாயைக் கொஞ்சம் திறக்கற வரைக்கும் சுத்தும், அதுக்கு மேல திறக்கணும்னா அந்த உருண்டை குழியை விட்டு முன்னாடி சறுக்கும். அது எலும்பு மேல எலும்பு உரசாம சறுக்கறதுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு தட்டு, டிஸ்க்குன்னு சொல்வாங்க. நம்ம கரையில வள்ளத்தை இழுக்கும்போது அடியில உருட்டுக்கட்டை போடுவோம்ல, வள்ளம் நகர நகர கட்டையும் கூட வரணும், கட்டை முன்னாடி தள்ளிப் போயிட்டா வள்ளம் மணல்ல தட்டி, அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கி கட்டை மேல ஏறும். டிஸ்க் முன்னாடி நழுவி இருந்தா வாயைத் திறக்கும்போது அதே மாதிரிதான் உருண்டை 'டக்'குனு அது மேல ஏறுது. காதுக்குள்ள கேக்குற சத்தம் அதுதான்.

இந்த சத்தத்தைப் பத்தி ஒண்ணு நல்லா மனசுல வச்சுக்கங்க. வலி இல்லாம, வாய் நல்லா திறக்குது, சத்தம் மட்டும் வருதுன்னா அதுக்கு வைத்தியமே வேண்டாம். நெறைய பேருக்கு இருக்கு, அவங்க பாட்டுக்கு இருக்காங்க. சத்தத்தை நிறுத்தறேன்னு யாராச்சும் காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. ஆனா ரொம்ப நாளா டக்கு டக்குனு கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் ஒரு நாள் திடீர்னு நின்னு, வாயும் ரெண்டு விரலுக்கு மேல திறக்கலன்னா, கட்டை மேல வள்ளம் ஏறவே இல்லன்னு அர்த்தம், டிஸ்க் வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. அதை நாள் கடத்தாம காட்டணும்.

எத்தனை விரல்னு அளக்கறது சுலபம். உங்க கையோட ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் சேர்த்து செங்குத்தா முன் பல்லுக்கு நடுவுல வைங்க, மூணும் உள்ள போச்சுன்னா சரியான அளவு. பெரியவங்களுக்கு பொதுவா 40 மில்லிமீட்டருக்கு மேல திறக்கும், 35க்கு கீழ இருந்தா குறைவுன்னு எடுத்துக்குவாங்க. வலியோட பலவந்தமா திறந்து அளக்காதீங்க.

மூட்டுன்னு பேரு வந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு வலி கிளம்புறது தசையிலதான். கன்னத்துல ஒண்ணு, நெத்திப்பொட்டுல விசிறி மாதிரி ஒண்ணு, உள் பக்கம் ரெண்டுன்னு மெல்லுறதுக்குன்னே தசைங்க இருக்கு, அளவைப் பாத்தா ரொம்ப பலம் உள்ள தசைங்க. நாள் பூரா துடுப்பு போட்டவன் தோள் எப்படி இறுகிக் கிடக்குமோ அப்படித்தான் இதுவும் இறுகும். அடுத்ததா டிஸ்க் நழுவறது, மூணாவதா மூட்டுத் தேய்மானம், அப்புறம் ருமட்டாய்டு மாதிரி வாதம். ஒருத்தருக்கே ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கும். பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது, அதுவும் இருவதுல இருந்து நாப்பது வயசுக்குள்ள.

ஏன் வருதுன்னா ஒரே காரணம்னு கையைக் காட்ட முடியாது. தாடையில அடி பட்டிருக்கும், பல் டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துருப்போம், தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிற பழக்கம் இருக்கும் (வயித்துல பூச்சி இருந்தாத்தான் பல்லைக் கடிப்பாங்கன்னு நம்ம வீட்டுல சொல்றது இந்த வலிக்குப் பொருந்தாது, நான் பூச்சி மருந்து ரெண்டு தடவை குடிச்சுப் பாத்துட்டேன்). ஆனா நம்ம கடற்கரையில பாக்குற வேலைங்கள்லயே தாடைக்குக் கேடு இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. வலை பின்றவங்க தங்கூசியை, அதான் வலைக்குப் போடுற நைலான் இழையை, எதால அறுக்குறோம், பல்லால. முடிச்சைப் போட்டு ஒரு முனையை முன் பல்லுல கடிச்சு இழுத்து இறுக்குறது, ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவைன்னு கணக்கே கிடையாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கம்ப்ரசர்ல இருந்து காத்து வர்ற குழாயை பல்லுல கவ்விக்கிட்டு சங்கு குளிக்கப் போறவங்களுக்கும் இதே கதைதான், முக்குளிக்கிறவங்க மவுத்பீஸைக் கடிச்சுக் கடிச்சே தாடை வலி வாங்கறது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம்.

அப்புறம் கவலை. மீன்புடி போட்டு கடலுக்குப் போயி, விடியக்காலம் வர வேண்டியது வராம, அந்தப் பக்கம் இலங்கை நேவி புடிச்சுட்டாங்களோன்னு போனை கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற ராத்திரியில நம்ம பல்லு ரெண்டும் எப்படி இருக்குன்னு என்னைக்காவது கவனிச்சுருக்கீங்களா. 'பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோ'ன்னு சொல்லிச் சொல்லியே வளத்துருக்காங்க நம்மள, நெசமாவே கடிச்சுக்கிட்டுத்தான் பொறுத்துக்கறோம். மனசுலதான் இருக்கு, வலி சும்மான்னு நான் சொல்லல. வலி நிஜம், தசை நிஜமாவே இறுகுது, அந்த இறுக்கத்தை கவலை கூட்டுது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்யலாம்னு வருவோம். நல்ல சேதி என்னன்னா பெரும்பாலானவங்களுக்கு இது வீட்டுலயே, கத்தி இல்லாம, பல்லைத் தொடாம குறையும். நேரம் ஆகும், வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல.

முதல் வேலை, பல்லு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாம வைக்கிறது. நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல, வாயை மூடுனா பல்லும் மூடியிருக்கணும்னு நெனைக்கிறாங்க. சும்மா இருக்கும்போது உதடு மூடி இருக்கணும், பல்லுக்கு நடுவுல சின்ன இடைவெளி இருக்கணும். மெல்லும்போதும் முழுங்கும்போதும் மட்டும்தான் பல்லு பல்லைத் தொடணும். நாக்கை எங்க வைக்கிறதுன்னா, 'ன்' அப்படின்னு சொல்லிப் பாருங்க, நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னாடி போயி ஒரு இடத்துல உக்காருதுல்ல, அங்கேயே விட்டுருங்க. நாக்கு அங்க இருந்தா பல்லை இறுக்கிக் கடிக்கறது கஷ்டம். எனக்கு மறந்து மறந்து போகும், அதனால வலை ஊசியில ஒரு செவப்பு நூலு சுத்தி வச்சேன், அது கண்ணுல படும்போதெல்லாம் 'ன்'. போன்லயும் அடுப்படியிலயும் இப்படி ஒவ்வொரு அடையாளம். மூணு வாரம் ஆச்சு தன்னால வர்றதுக்கு. தங்கூசியை அறுக்க கழுத்துல ஒரு நெயில் கட்டரை கயித்துல கோத்து மாட்டிக்கிட்டேன். முதல்ல வேலை சுணங்குச்சு, கொஞ்ச நாள்ல கை பழகிருச்சு, இப்ப மதினியும் ஒண்ணு மாட்டியிருக்கு.

சாப்பாடு. வலி அதிகமா இருக்குற ரெண்டு மூணு வாரத்துக்கு தாடைக்கு லீவு குடுக்கணும், பட்டினி கிடக்கறது இல்ல. நம்ம ஊரு சாப்பாட்டுலயே இதுக்கு எவ்வளவோ இருக்கு. குழைய வடிச்ச சோறு, காரல் சொதி, திருக்கைப் புட்டு, முள்ளெடுத்த மீன், சொதியில ஊறுன இடியாப்பம், கீழக்கரை வீடுகள்ல செய்யற வட்டலப்பம், நோன்புக் கஞ்சி, கோடை வந்துருச்சுன்னா இளசா நுங்கு. எங்க அத்தை திருக்கைப் புட்டுக்கு மீனை அவிச்சு தோலை உரிச்சு கையால உதுத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லா வதங்குனதுக்கு அப்புறம்தான் போடும், நாக்காலயே அமுக்கி முழுங்கலாம், நான் அந்த மாசம் வாரத்துக்கு ரெண்டு நாளு அதைத்தான் சாப்பிட்டேன். தள்ளி வைக்க வேண்டியது கணவாய், சங்குச் சதை, மொறுமொறுன்னு பொரிச்ச கருவாடு, பரோட்டா, முறுக்கு, சூயிங்கம். தொதலும் வேண்டாம், பல்லுல ஒட்டிக்கிட்டு இழுக்கும். பனங்கிழங்கு வேண்டவே வேண்டாம், அந்த நாரை இழுத்து மெல்லுறதைப் போல தாடைக்கு வேற கேடு கிடையாது. ஆப்பிள், கொய்யா எல்லாம் முன் பல்லால கடிக்காம சின்னதா நறுக்கி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெல்லுங்க. வலி குறைஞ்சதும் ஒவ்வொண்ணா திரும்ப கொண்டு வாங்க, ஆயுசு பூரா கஞ்சியே குடிச்சா தசை பலம் இழந்துரும்.

ஒத்தடம் நல்லா கேக்கும். வெந்நீர்ல துணியை நனைச்சுப் பிழிஞ்சு கன்னத்துலயும் நெத்திப்பொட்டுலயும் 15, 20 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. கல்லுப்பு வறுத்து துணியில கட்டியும் குடுக்கலாம், முதல்ல மணிக்கட்டுல வச்சு சூடு பாத்துக்கங்க. அடி பட்டு புதுசா வீங்கியிருந்தா சூடு வேண்டாம், ஐஸ் கட்டியை துணியில சுத்தி பத்து நிமிஷம். கொட்டாவி வந்தா கையை மோவாய்க்கு அடியில முட்டுக் குடுத்து வாயை ரொம்பப் பொளக்க விடாம பாத்துக்கங்க. கவுந்து படுக்காதீங்க, மோவாய்ல கையை ஊனிக்கிட்டு போன் பாக்காதீங்க.

பயிற்சி ஒண்ணு, எனக்கு பிசியோதெரபி அக்கா சொல்லிக் குடுத்தது. கண்ணாடி முன்னாடி உக்காந்து, நாக்கை அந்த 'ன்' இடத்துலயே வச்சுக்கிட்டு, நாக்கு அங்கிருந்து விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவா திறந்து மூடணும், தாடை ஒரு பக்கமா கோணாம நேரா இறங்குதான்னு பாக்கணும். ஆறு தடவை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. வலி கூடுனா நிறுத்திரணும். இதை விட பெரிய இழுப்புப் பயிற்சி எல்லாம் தெரிஞ்சவங்க கூட இருந்து செய்யணும், யூடியூப்ல பாத்து ஸ்பூனை விட்டு வாயை நெம்பாதீங்க.

மாத்திரை விஷயத்துல நம்ம ஆளுங்க மேல எனக்குக் கவலை ஜாஸ்தி. மெடிக்கல் கடையில போயி வலிக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டு மாசக்கணக்குல முழுங்கறாங்க. இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுல எடுத்தா உதவும், ஆனா நாள்பட எடுத்தா வயித்துல புண்ணு, கிட்னிக்குக் கேடு, பிரஷர் கூடும். அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா இருக்குறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, மாசமா இருக்குறவங்க கேக்காம தொடவே கூடாது. நாள்பட்ட வலிக்கு சில டாக்டருங்க அமிட்ரிப்டிலின்னு ஒரு மாத்திரையை ராத்திரிக்கு கம்மியான அளவுல எழுதுவாங்க, கடையில அது டிப்ரஷன் மாத்திரைன்னு சொன்னதும் பயந்துராதீங்க, வலி நரம்பைத் தணிக்கறதுக்கும் அதைத்தான் குடுக்கறாங்க. எழுதிக் குடுத்தவரையே கேட்டுக்கங்க, நம்மளா கூட்டறது குறைக்கறது வேண்டாம்.

மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட வலின்னு சொல்வாங்க. அந்த கட்டத்துல உடம்போட வலி அலாரமே கொஞ்சம் கெட்டுப் போகுது, லேசா தொட்டாலும் அடிக்கும். வெளிய வீக்கம் இல்ல, காயம் இல்ல, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, வீட்டுல கூட நம்ப மாட்டாங்க, 'வாய் வலிக்குதுன்னா பேசாம இரு'ன்னுதான் எனக்குச் சொன்னாங்க. நம்பாத வீட்டுல வலி ரெண்டு பங்கு. வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா தயவுசெஞ்சு நம்புங்க, அவங்களுக்கு மெதுவா சாப்பிட நேரம் குடுங்க.

2023 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இந்த நாள்பட்ட தாடை வலிக்குன்னு ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு. அதுல அழுத்தமா சிபாரிசு பண்ணது எதைன்னு பாத்தா, தெரிஞ்சவங்க மேற்பார்வையில தாடைப் பயிற்சி, கையால தசையையும் மூட்டையும் இளக்கி விடுற பிசியோ, வலியையும் கவலையையும் கையாளப் பழக்குற கவுன்சிலிங், இந்த மாதிரி. கூடவே கூடாதுன்னு அழுத்தமா சொன்னதுல டிஸ்க்கை எடுத்துப் போடுற ஆபரேஷனும், பல்லு வரிசையையே நிரந்தரமா மாத்திப் போடுற, வாயில மாட்டுற பிளேட்டும் இருக்கு. ராத்திரி போட்டுக்கற சாதாரண பிளேட்டு, ஸ்பிளின்ட்னும் நைட் கார்டுன்னும் சொல்றது, பெரும்பாலானவங்களுக்கு வலியைப் பெருசா குறைக்கலன்னு அதுல வருது. ஆனா நறநறன்னு கடிக்கிறவங்களுக்கு பல்லு தேயாம அது காப்பாத்தும், அதுக்காகப் போடறது வேற விஷயம். எனக்கும் ஒண்ணு அளவெடுத்து செஞ்சு குடுத்தாங்க, காலையில தாடை கொஞ்சம் இலேசா இருந்த மாதிரி இருந்துச்சு, ஆனா நெசமா திருப்பம் வந்தது பகல்ல பல்லைப் பிரிச்சு வைக்கப் பழகுனதுக்கு அப்புறம்தான். கடையில வெந்நீர்ல போட்டுக் கடிக்கிற மெத்து பிளேட்டு வாங்காதீங்க, சில பேரு அதை சூயிங்கம் மாதிரி மென்னுக்கிட்டே இருப்பாங்க.

எல்லாத்தையும் விட நான் கெஞ்சிக் கேக்கறது இதுதான்: திரும்ப எடுக்க முடியாத வேலை எதையும் முதல்ல செய்ய விடாதீங்க. வலிக்காக பல்லைப் புடுங்கறது, கடி சரியில்லன்னு நல்ல பல்லை ராவி விடறது, வலி போகும்னு சொல்லி பல்லுக்கு மேல வரிசையா கேப்பு (உறை) போடறது, கம்பி கட்டறது, மூட்டைத் திறந்து ஆபரேஷன் பண்றது எல்லாம் இதுல சேரும். பல்லுல சொத்தை இருந்து எக்ஸ்ரேலயும் தெரிஞ்சு, தட்டுனா அந்தப் பல்லே வலிச்சா அது வேற, அதுக்கு வைத்தியம் பாக்கத்தான் வேணும். சந்தேகமா இருந்தா இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க, இந்த மாதிரி வேலைக்கு அவசரமே கிடையாது. 1980கள்ல அமெரிக்காவுல டிஸ்க்கை எடுத்துட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு வச்சாங்க, அது தேஞ்சு துகளாகி சுத்தி இருந்த எலும்பையே அரிச்சு, 1990 வாக்குல அதைத் திரும்பப் பெற வேண்டியதாச்சு, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேருக்கு வச்சு முடிச்சுட்டாங்க. ஆபரேஷனே தப்புன்னு இல்ல, மூட்டு ஒட்டிப் போனவங்களுக்கும் நொறுங்கிப் போனவங்களுக்கும் அதுதான் வழி, பூட்டிக்கிட்டு திறக்கவே திறக்காத மூட்டுக்கு ஊசி வழியா உப்புத்தண்ணி விட்டுக் கழுவறதும் உண்டு. ஆனா அதெல்லாம் கடைசிப் படி.

தாடை வலின்னு வந்தும் தாடை மூட்டு இல்லாத சில வலி இருக்கு, இதுல நேரம் கடத்தவே கூடாது. நடந்தா, வேலை செஞ்சா தாடையில இறுக்கம், கூட நெஞ்சுல பாரம், வேர்வை, மூச்சு வாங்கறதுன்னா அது மாரடைப்பா இருக்கலாம், உடனே 108. அம்பது வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டுல தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிச்சு, மெல்லுறதை நிறுத்துனா விடுது, கண்ணு மங்குதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அது ரத்தக் குழாய் அழற்சியா இருந்தா பார்வையே போயிரும். கரண்டு அடிச்ச மாதிரி சில செகண்டு வெட்டி வெட்டி வலிச்சா அது நரம்பு வலி, வைத்தியம் வேற. காய்ச்சலோட வீக்கம், முகத்துல மரத்துப் போறது, ஆறாத புண்ணு, கட்டி இருந்தாலும் உடனே காட்டணும். கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மூட மாட்டேங்குதுன்னா மூட்டு இறங்கியிருக்கு, நீங்களா அமுக்காம எமர்ஜென்சிக்குப் போங்க, டாக்டரு கையாலயே ஏத்தி விட்டுருவாங்க.

இன்னொண்ணு, நம்ம போட்டு ஆளுங்களுக்காக. ராத்திரி முழிப்புக்குன்னு பாக்கு, குட்கா போடறவங்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா திறக்காம போகும், முண்டு மிளகாய் காரம் பட்டா வாயெல்லாம் எரியும், கன்னத்து உள் பக்கம் வெளிறி அட்டை மாதிரி விறைச்சுக்கிடும். அது மூட்டு வலி இல்ல, சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு, புத்து நோயா மாறக்கூடியது. வெறும் பாக்கே போதும் இது வர்றதுக்கு, புகையிலை இல்லன்னு சமாதானம் சொல்ல முடியாது. மூணு விரல் போகலன்னா அண்ணன் தம்பியா இருந்தாலும் கூட்டிட்டுப் போயி காட்டுங்க.

எங்க காட்டறது? முதல்ல பக்கத்துல இருக்குற அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுலயே காட்டலாம், ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அங்க சரியாகலன்னா பல் மருத்துவக் கல்லூரிதான் நல்லது, செலவும் கம்மி. நமக்கு மதுரை இருக்கு, தொண்டி, திருவாடானை பக்கத்து ஆளுங்களுக்கு 2023ல ஆரம்பிச்ச புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி வசதிப்படும். அங்க போயி சீட்டு போடும்போது பல் வலின்னு சொல்லாதீங்க, சொன்னா பல்லு பாக்குற இடத்துக்கு அனுப்பிருவாங்க. 'தாடை மூட்டு வலி, ஓரல் மெடிசின்ல காட்டணும்'னு சொல்லுங்க, வாய் நோய் பாக்குற பிரிவு அது. வாய் பூட்டிக்கிட்டு இருந்தா முக, தாடை அறுவை சிகிச்சை டாக்டரு பாப்பாங்க. தாடைக்குத் தெரிஞ்ச பிசியோதெரபி எங்க இருக்குன்னு அவங்ககிட்டயே கேளுங்க. பாம்பன் பாலத்துல ரயில் ஓடாம கிடந்த 2022 டிசம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் நான் மதுரைக்கு பஸ்லதான் போயி வந்தேன், அந்த ஆட்டத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டே உக்காந்து வந்தா வலி கூடித்தான் போகும், நாக்கை 'ன்'ல வச்சுக்கிட்டு ஒரு துண்டை கழுத்துக்கு முட்டுக் குடுத்து உக்காருங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, அங்க போனா பாதி மறந்துரும். எப்ப ஆரம்பிச்சுச்சு, எந்தப் பக்கம், காலையில எந்திரிச்சதும் வலியா சாயங்காலமா, சத்தம் வருதா, பூட்டிக்குதா, எத்தனை விரல் போகுது, ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்கன்னு பக்கத்துல படுக்கறவங்க சொல்றாங்களா, என்ன மாத்திரை எடுத்தீங்க, என்ன வேலை பாக்குறீங்க. வேலையைக் கட்டாயம் சொல்லுங்க, வலை பின்றேன், தங்கூசியைக் கடிப்பேன்னு நம்ம சொன்னாத்தான் மதுரையில இருக்குற டாக்டருக்குத் தெரியும். எங்க வலிக்குதுன்னு கேட்டா வாயால சொல்லாம ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க. முன்னாடி எடுத்த ஓபிஜி (தாடை முழுசும் தெரியுற) எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எது இருந்தாலும் பழசுன்னு வீட்டுல போட்டுட்டுப் போகாதீங்க, கையோட கொண்டு போனா பாத்துட்டு, இதுவே போதும்னு விட்டாலும் விடுவாங்க.